அறுக்காமல் அறுத்துப் பார்த்தல்

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது சாலையோரத் தென்னந்தோப்பு ஒன்றைக் கவனியுங்கள். பேருந்து நின்றுகொண்டிருக்கும்போது முன்வரிசை மரங்கள் பின்வரிசை மரங்களை மறைத்துக்கொண்டு நிற்கும். தோப்புக்குள் எத்தனை மரம், மோட்டார் அறை எந்த மரத்துக்குப் பின்னால் என்று ஒன்றும் சொல்ல முடியாது. பேருந்து நகர்ந்ததும் வேடிக்கை தொடங்கும். வரிசைகள் விரியும், மூடும், மறுபடி விரியும். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த மரம் எட்டிப் பார்க்கும். தோப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் போய்வர முடிந்தால், உள்ளே காலடி வைக்காமலே அதன் வரைபடத்தைத் தாளில் போட்டுவிடலாம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர், நின்றுகொண்டிருக்கும் பேருந்திலிருந்து தோப்பைப் பார்ப்பது போன்றது. எலும்பு, தசை, இரத்தம், காற்று எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுந்துவிடும். கை முறிந்திருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் தலைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், மண்டையோடு என்னும் முன்வரிசை மரம் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வண்டிகள் தேனியிலிருந்து குமுளி வரை சாலையை நிறைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில் தலைக்கவசம் அணியாத இளைஞர் ஒருவர் இருசக்கர வண்டியிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரம் மயக்கம். பிறகு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பெயர் கேட்டால் சொல்கிறார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று காபியும் குடிக்கிறார். உறவினர்கள் நிம்மதியடைந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். சில மணி நேரத்தில் அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. அது தூக்கமன்று. நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், மண்டையோட்டை ஒட்டி ஓடும் ஒரு தமனி அறுந்து, எலும்புக்கும் மூளையின் உறைக்கும் இடையே இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது, நசுங்குவது மூளைதான். காலத்தில் கண்டுபிடித்தால், எலும்பில் சிறு திறப்புச் செய்து இரத்தத்தை வெளியேற்றி அவரைப் பிழைக்க வைக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் விடியுமுன் உயிர் போய்விடக்கூடும். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பின் விரிசல் தெரியலாம். சேர்ந்துள்ள இரத்தம் தெரியாது.

இந்த இரத்தத்தைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் கருவிதான் சி.டி. ஸ்கேன். சி.டி. என்பது கம்ப்யூட்டட் டோமோகிராஃபி என்பதன் சுருக்கம். ‘டோமோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் வெட்டிய துண்டு. வாழைத்தண்டை அரிவாள்மனையில் வட்ட வட்டமாக நறுக்கினால் உள்ளேயுள்ள நார், வளையம் எல்லாம் தெரிகின்றன அல்லவா? அப்படி உடலை நறுக்கிப் பார்த்தது போன்ற படத்தை, நறுக்காமலே தருவது இது. ‘கம்ப்யூட்டட்’ என்ற சொல்லைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இது எடுத்த படமன்று, கணக்கிட்ட படம். கதிர்ப்படத் தொழில்நுட்பம் படிக்கச் செல்லும் மாணவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுவே. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். நான்கு கிண்ணங்களை மேலே இரண்டு, கீழே இரண்டாக வையுங்கள். மேல் வரிசைக்கு அ, ஆ என்றும், கீழ் வரிசைக்கு இ, ஈ என்றும் பெயர். நீங்கள் திரும்பி நிற்கும்போது நண்பர் ஒவ்வொன்றிலும் சில புளியங்கொட்டைகளைப் போட்டு மூடிவிடுகிறார். எந்தக் கிண்ணத்தில் எத்தனை என்று அவர் சொல்லமாட்டார். கூட்டுத்தொகையை மட்டும் சொல்வார். மேல் வரிசை 7, கீழ் வரிசை 7. இடப்பத்தி 6, வலப்பத்தி 8. கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

5, 2, 1, 6 என்று ஒருவர் சொல்லலாம். 4, 3, 2, 5 என்று மற்றொருவர் சொல்லலாம். கூட்டிப் பாருங்கள், இரண்டும் பொருந்துகின்றன! இரண்டு திசைகளில் பார்த்தது போதவில்லை. ஆகவே மூலைவிட்டத்தையும் கேட்கிறோம். அ-வும் ஈ-யும் சேர்ந்து 11. ஆ-வும் இ-யும் சேர்ந்து 3. இப்போது ஒரே விடைதான் இருக்கிறது. அதை எளிதாகக் காண ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கிண்ணத்தின் வழியாகவும் செல்லும் மூன்று கூட்டுத்தொகைகளையும் அந்தக் கிண்ணத்திலேயே கொட்டுங்கள்.

அ: 7 + 6 + 11 = 24
ஆ: 7 + 8 + 3 = 18
இ: 7 + 6 + 3 = 16
ஈ: 7 + 8 + 11 = 26

எந்தக் கிண்ணத்தில் அதிகம், எதில் குறைவு என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எண்கள் ஊதிப்போய் இருக்கின்றன. ஒவ்வொரு கிண்ணத்திலும் மற்றவற்றின் பங்கும் கலந்துவிட்டது. மொத்தக் கொட்டைகள் 14. அதை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்து இரண்டால் வகுங்கள். 5, 2, 1, 6. மூடியைத் திறக்காமலே எண்ணிவிட்டோம். ஏன் 14ஐக் கழிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதிப் போட்டுப் பாருங்கள். இரண்டு வரியில் விளங்கிவிடும்.

சி.டி. கருவி செய்வதும் இதுதான். கிண்ணத்துக்குப் பதில் உடலின் ஒரு மெல்லிய வெட்டை நுண்ணிய சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். இன்று வழக்கமாகப் பக்கத்துக்கு 512 சதுரங்கள், மொத்தம் 2,62,144. ஒவ்வொரு சதுரமும் எக்ஸ்-கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே நாம் தேடும் எண். கதிரை ஒருபுறம் செலுத்தி மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று உணர்கருவி அளக்கிறது. இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. கதிர் ஒரு படலத்தில் பாதியாகக் குறைந்து, அடுத்த படலத்தில் அந்தப் பாதியில் பாதியாகக் குறையும். அதாவது பெருக்கலாகக் குறையும், கூட்டலாக அன்று. நமக்கு வேண்டியதோ கூட்டுத்தொகை. பெருக்கலைக் கூட்டலாக்க என்ன செய்வீர்கள்? மடக்கை எடுப்பீர்கள். வகுப்பில் ‘இது எதற்குப் பயன்படப் போகிறது’ என்று நீங்கள் முணுமுணுத்த அதே மடக்கைதான்.

கதிர்க்குழாயும் உணர்கருவிகளும் நோயாளியைச் சுற்றிச் சுழன்று நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து இந்தக் கூட்டுத்தொகைகளைச் சேர்க்கின்றன. தோப்பைச் சுற்றி வரும் பேருந்து!

இப்படிப் பல கோணக் கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளமைப்பைக் கண்டுவிடலாம் என்று 1917இலேயே ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ராடன் நிறுவியிருந்தார். அவர் மருத்துவத்தை நினைத்து அதைச் செய்யவில்லை. 1963, 1964ஆம் ஆண்டுகளில் ஆலன் கார்மக் என்ற தென்னாப்பிரிக்க இயற்பியலாளர், ராடனின் பணியை அறியாமலே, எக்ஸ்-கதிருக்கு ஏற்ற கணக்கை வெளியிட்டார். பெரும்பாலும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கருவியைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பண்ணையில் வளர்ந்தவர், முனைவர் பட்டம் பெறாதவர். அவர் வேலை பார்த்த நிறுவனம் இ.எம்.ஐ.; நாய் ஒன்று கிராமபோன் முன் உட்கார்ந்து கேட்கும் முத்திரை உள்ள இசைத்தட்டுகளை வெளியிட்டதே, அதே நிறுவனந்தான். அவருடைய முதல் ஆய்வுக் கருவி ஒரு வெட்டை அளக்க 9 நாட்கள் எடுத்துக்கொண்டது. கணிப்பொறி விடை சொல்ல மேலும் இரண்டரை மணி நேரம். அது தீர்க்க வேண்டியிருந்த சமன்பாடுகள் ஏறத்தாழ 28,000. நம் நான்கு கிண்ணத்துக்கு ஆறு சமன்பாடுகள் போதுமாயிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1972 ஏப்ரலில் செய்தி வெளியானது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்தக் கதையைச் சொல்லும் பல புத்தகங்கள் இதோடு முடித்துவிடுகின்றன. நாம் முடிக்கக் கூடாது. கிண்ணக் கணக்கில் கூட்டுத்தொகைகளைக் கொட்டியபின் ‘14ஐக் கழி’ என்று ஒரு படி இருந்ததே, அந்தப் படிக்குப் பின்னால் சென்னையில் புகழ்பெற்ற ஒருவர் இருக்கிறார்.

கோ. நா. இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்; சர் சி. வி. இராமனின் மாணவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானபோது அவருக்கு முப்பது வயது. தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னவர். புரதங்கள் எப்படி மடங்கலாம், எப்படி மடங்கக் கூடாது என்று காட்டும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963இல் வெளிவந்தது. உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பின்னர் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்ற இவர், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. லண்டனில் முதல் நோயாளி கருவிக்குள் படுத்ததற்கு முந்தைய மாதம்! எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண வடிவத்தை மீட்பது எப்படி என்பதே கட்டுரையின் பொருள்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இது. கூட்டுத்தொகைகளை வந்த வழியே திருப்பிக் கொட்டினால் படம் கிடைக்கும். ஆனால் மங்கலாகக் கிடைக்கும். ஒரே ஒரு புள்ளி இருந்த இடத்தில் பஞ்சுப்பொதி போல ஒன்று தெரியும். கிண்ணக் கணக்கில் இந்த மங்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவு, 14. நிஜப் படத்தில் அப்படியில்லை. புள்ளிக்கு அருகில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. இதை நீக்க அப்போது வழக்கத்திலிருந்த வழி ஃபூரியே மாற்றம். எல்லா அளவுகளையும் அலைகளாகப் பிரித்து, திருத்தி, மீண்டும் சேர்ப்பது. அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெரும் பாரம்.

இருவரும் சொன்ன வழி எளிமையானது. அளந்த எண்ணை அப்படியே கொட்டாதே. கொட்டுவதற்கு முன்பே இருபுறமும் சிறிது கழித்துவிடு. எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. நடு எண்ணுக்கு 1 என்றால், அதன் இரு பக்கத்து இடங்களுக்கும் −0.405. அதற்கடுத்த இடங்களுக்கு 0. மூன்றாவது இடங்களுக்கு −0.045. நான்காவதற்கு மீண்டும் 0. ஐந்தாவதற்கு −0.016. இப்படியே போகும். இந்த 0.405 எங்கிருந்து வந்தது தெரியுமா? 4ஐ π-யின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். அதை 9ஆல் வகுத்தால் மூன்றாம் இடம். 25ஆல் வகுத்தால் ஐந்தாம் இடம். முடிவில்லாமல் நீளும் இந்தப் பட்டியலை முழுவதும் கூட்டினால் சரியாகச் சுழி வரும். கழித்ததும் சேர்த்ததும் சமம். மங்கல் தங்க இடமில்லை. வேண்டியதெல்லாம் பெருக்கலும் கூட்டலும் மட்டுமே.

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967இல் இதையொத்த வழியைத் தம் துறையில் கண்டிருந்தனர். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியும் வேறு முறையில்தான் கணக்கிட்டது. ஆனால் பின்னர் வந்த சி.டி. கருவிகள் இந்த வழிக்கே மாறின. ‘ராம்-லாக் வடிப்பான்’ என்ற பெயரில் அது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ராம் இராமச்சந்திரன், லாக் லட்சுமிநாராயணன். இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001இல் சென்னையில் காலமானார்.

இனி உங்களைக் கருவியின் முன்னால் உட்கார வைப்போம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் கதிர்ப்படத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. வகுப்புகளுக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. நீங்கள் அதில் பயிற்சி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து விழுந்த அந்த இளைஞரைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்கள். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள்.

திரையில் முதலில் வருவது படமன்று, எண்கள்தான். தண்ணீர் உறிஞ்சும் அளவு 0 என்றும், காற்று −1000 என்றும் வைத்து அமைத்த அளவுகோல் அது. பெயர் ஹவுன்ஸ்ஃபீல்டு எண். கொழுப்பு சுமார் −100. மூளை 30, 40 அளவில். புதிதாக உறைந்த இரத்தம் 60, 70, 80. கெட்டியான எலும்பு 1000ஐ எட்டும். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது பார்த்தீர்களா? −1000 முதல் 1000 வரையுள்ள எல்லாவற்றையும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பரப்பிக் காட்டினால், மூளையும் இரத்தமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நம் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் ஒரு ‘சன்னல்’ திறக்கிறோம். 0க்குக் கீழே எல்லாம் கறுப்பு, 80க்கு மேலே எல்லாம் வெள்ளை, இடைப்பட்டதற்கு மட்டும் சாம்பல் நிறங்கள் என்று ஆணையிடுகிறோம். உடனே மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி வெண்மையாக ஒன்று எழுந்து நிற்கிறது. இருபுறமும் குவிந்த வடிவம். இயற்பியல் பாடத்தில் வரும் குவிலென்சேதான். நாம் தேடிய இரத்தம் அது. உறைக்கு உட்புறம் கசிந்திருந்தால் பிறைநிலா வடிவில் பரவியிருக்கும்.

அதே அளவுகளை வேறு வடிப்பானால் மீண்டும் கணக்கிட்டு எலும்பின் விரிசலையும் பார்க்க வேண்டும். கூர்மையான வடிப்பான் மயிரிழை விரிசலையும் காட்டும். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற பொரிகளையும் கூட்டிவிடும். மூளைக்கு மென்மையானது, எலும்புக்குக் கூர்மையானது. இதற்காக நோயாளியை மறுபடி கதிரில் வைக்க வேண்டியதில்லை. எண்கள் கையிலிருக்கின்றன, கணக்கை மட்டும் மாற்றினால் போதும். கணக்கிட்ட படம் என்பதால் கிடைக்கும் வசதி இது.

அதனாலேயே வரும் இடைஞ்சலும் உண்டு. மறுபடி கிண்ணங்களுக்கு வாருங்கள். வரிசை, பத்தி எல்லாம் எண்ணி முடித்தாயிற்று. 7, 7, 6, 8. மூலைவிட்டம் எண்ணும் முன் நண்பர் குறும்பாக அ-விலிருந்து ஒரே ஒரு கொட்டையை ஆ-வுக்கு மாற்றிவிடுகிறார். இப்போது மூலைவிட்டங்கள் 10, 4. முன்போலவே கணக்கிடுங்கள். விடை 4½, 2½, 1½, 5½! அரைக் கொட்டை ஏது? அதைவிட வியப்பு, யாரும் தொடாத இ-யும் ஈ-யும்கூடத் தவறாகிவிட்டன. நகர்ந்தது ஒரு கொட்டை. கெட்டது நான்கு கிண்ணமும். சாதாரணப் புகைப்படத்தில் ஒருவர் கையை ஆட்டினால் கை மட்டும் மங்கும். சி.டி.யில் நோயாளி தலையை அசைத்தால் வெட்டு முழுவதும் கோடு கோடாகக் கீறல் விழும். இரத்தம் இருந்த இடத்தை அந்தக் கோடு மறைக்கலாம். இல்லாத இடத்தில் இருப்பது போலவும் காட்டலாம். எது நகர்ந்தது என்று எண்களைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. கொட்டை அ-விலிருந்து இ-க்குப் போயிருந்தாலும் அதே விடைதான் வரும், போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் மறுபடி எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் மறுபடி கதிர் பாயும். ஒருமுறை தலையை ஸ்கேன் எடுத்தால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் உலக மக்கள் சராசரியாக ஓராண்டில் பெறுவது 2.4. ஆகவே ஏறக்குறைய ஓராண்டுக் கதிர்வீச்சு சில நொடிகளில் வந்துவிடுகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இதற்குத் தயங்கக் கூடாது. சாதாரணத் தலைவலிக்கு “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் சார்” என்று வற்புறுத்துவது வேறு விஷயம். குழந்தைகளின் உடல் கதிர்வீச்சுக்கு மிகவும் எளிதில் பாதிக்கப்படும். அவர்களுக்குக் கருவியின் அளவுகளைக் குறைத்து வைப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் சட்டையிலும் ஒரு சிறு வில்லை குத்தியிருப்பார்கள். அது கதிரைத் தடுக்கும் கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தடுக்காது, நீங்கள் வாங்கிய கதிரைக் கணக்கெடுக்க மட்டுமே செய்யும். இத்தொழிலில் இருப்பவர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

ஆகவே பொத்தானை அழுத்துமுன் நீங்கள் செய்யும் வேலை அழுத்திய பின் செய்வதைவிடப் பெரிது. தலையை நேராக வைத்து, பட்டையால் மெதுவாகக் கட்டுகிறீர்கள். காதில் கம்மல், தலையில் கொண்டையூசி இருந்தால் கழற்றச் சொல்கிறீர்கள். உலோகமும் கணக்கைக் கெடுக்கும். அடிபட்டவர் பயந்து முனகுகிறார். “அண்ணே, வலிக்காது. சத்தம் மட்டும் கேக்கும். நான் சொல்ற வரைக்கும் தலைய அசைக்காம இருங்க” என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருகிறீர்கள்.